நான் சொன்ன பொய்க்கதையும் இசக்கியின் வலது கையும்

நர்ஸ்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஜெனிபா வீட்டுக்கு வந்தாள். நான் வேலை பார்த்த குழந்தைகள் தீக்காய வார்டில் இப்போது இருக்கும் நர்ஸ் அவள். தலைப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்: "கதைகள் வழியே குழந்தைகளின் மனவலிமையை வளர்த்தல்."

போன மாதம் இதே தலைப்பில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டு, "மூத்த அனுபவசாலி" என்று சொல்லி முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் ஒரு துணி முதலையைக் கையில் மாட்டிக்கொண்டு பேசினார். முதலைக்குப் பயமாக இருக்கிறதாம். நாங்கள் வரிசையாகப் போய் அதைக் கட்டிப்பிடித்தோம். முதலைக்குத் தைரியம் வந்துவிட்டது. எங்களுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது.

"தீக்காயக் கட்டு பிரிக்கும்போது முதலையை எந்தக் கையில் பிடிப்பது?" என்று எழுந்து கேட்டேன். அந்த அம்மாள், "அருமையான கேள்வி" என்று சொல்லிவிட்டு டீ இடைவேளை அறிவித்தார். இடைவேளைக்குப் பிறகு பலகையில் மூன்று விதிகள் எழுதினார். கதையில் கோபம் கூடாது. பயம் கூடாது. முடிவு இனிமையாக இருக்க வேண்டும். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன். இந்த மூன்றையும் நான் ஒரே கதையில் கடைப்பிடித்து, ஒரு குழந்தையின் கையைக் கெடுக்கப் பார்த்தவள். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

"பாசிட்டிவா எழுதுங்க சிஸ்டர்" என்றாள் ஜெனிபா.

"எழுதுதேன். காபியக் குடிச்சிட்டுப் போ."

நான் கடற்கரை ஊர்க்காரி. அப்பா படகில் போனவர். எங்கள் ஊரில் கத்திப் பேசினால்தான் காற்றைத் தாண்டிக் கேட்கும். அதனால் எனக்கு மெதுவாகவும் வராது, இனிப்பாகவும் வராது. நர்ஸ் படிப்பில் மூன்று வருடம் படுக்கை விரிக்கவும், ஊசி போடவும், டாக்டர் வந்தால் எழுந்து நிற்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அழுகிற குழந்தையை என்ன செய்வது என்பதற்குப் பாடப் புத்தகத்தில் ஒரே வரி: "அன்புடன் சமாதானப்படுத்தவும்." எழுதியவர் எந்தக் குழந்தையையும் சமாதானப்படுத்தியவர் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நெல்லையில் இருக்கிறது, அது போதும். அங்கே எங்கள் தலைமை நர்ஸ் சண்முகவடிவு சிஸ்டர். ஒல்லி உடம்பு, நெற்றியில் திருநீறு, முகத்தில் சிரிப்பு என்ற ஒன்று வருவதற்கு இடமே விடப்படவில்லை. யாரையும் கத்தித் திட்ட மாட்டார். பக்கத்தில் வந்து நிற்பார். அவ்வளவுதான், நாம் செய்த தப்பு நமக்கே தெரிந்துவிடும். கட்டு மாற்றும் எவர்சில்வர் தட்டை தினமும் தேய்க்கச் சொல்வார். தேய்த்துக் கொண்டுபோனால் தூக்கிப் பார்ப்பார். "என் முகம் தெரியல. திரும்பத் தேயி" என்பார். அந்த முகத்தை அவர் ஏன் அவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார் என்று நாங்கள் பின்னால் பேசிச் சிரிப்போம்.

கட்டு மாற்றுவதற்கு அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் கட்டை ஊறவைப்பார். ஊறுகிற நேரத்தில் கதையைத் தொடங்குவார். கதை என்றால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே கதைதான். பாபநாசத்தில் குளிக்கப் போன ஒருத்தனின் செருப்பு ஒன்று ஆற்றில் விழுந்துவிட்டது. அது தாமிரபரணியோடு மிதந்து கடலுக்குப் போகிறது. ராஜா இல்லை, ராணி இல்லை, ஒற்றைச் செருப்பு. மேல் துணி வரும்போது செருப்பு அம்பாசமுத்திரத்தில் இருக்கும். ஒட்டிப் பிடித்த அடித்துணி வரும்போது சேரன்மகாதேவி. புண்ணைக் கழுவும்போது கொக்கிரகுளம். மருந்து பூசும்போது ஸ்ரீவைகுண்டம். கடைசி முடிச்சுப் போடும்போது செருப்பு கடலில் விழும்.

"சேரன்மாதேவி வருது. இங்கன வலிக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். குழந்தைக்கு மூன்று முறை "நில்லு" சொல்ல உரிமை உண்டு. சொன்னால் செருப்பு அணைக்கட்டில் சிக்கி நிற்கும், சிஸ்டரின் கையும் நிற்கும். குழந்தை "போ" என்றால்தான் இரண்டும் நகரும். இரண்டாம் வாரத்தில் குழந்தைகள் தாங்களாகவே கேட்பார்கள்: "இப்பம் எங்கன வந்திருக்கு?" இன்னும் எவ்வளவு வலி மிச்சம் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்த வலியை அவர்கள் தாங்கினார்கள். துணி முதலைக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை.

காயல்பட்டினத்துப் பையன் ஒருவன் வந்தான். ஆறு வயது, கொதிக்கிற தேயிலைத் தண்ணீர் தொடையில் கொட்டியிருந்தது. வாப்பா வளைகுடாவில். அவனுடைய உம்மா ஒவ்வொரு நாளும் கட்டு பிரிக்கும்போது, "இந்தக் கட்டு முடிஞ்சதும் வாப்பா வந்துருவாங்க, அழாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையன் வலியை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டு முடியும், கதவு திறக்கும், சாப்பாட்டு வண்டி வரும். அவன் அழுகிற அழுகை காயத்துக்கான அழுகை இல்லை.

ஐந்தாவது நாள் சண்முகவடிவு சிஸ்டர் அந்த அம்மாவிடம் கேட்டார். "உங்க வீட்டுக்காரவுகளுக்கு லீவு எப்பம்?"

"பெருநாளைக்குத்தான் சிஸ்டர். புள்ள மனசு தாங்கணுமேன்னு…"

சிஸ்டர் பையன் பக்கம் திரும்பினார். "வாப்பா பெருநாளைக்குத்தான் வருவாவ. கட்டு முடிஞ்சா வரமாட்டாவ. இப்பம் செருப்பு மட்டும்தான் வரும்."

பையன் வார்டே அதிர அலறினான். உம்மா சிஸ்டரை எரித்துவிடுவது போலப் பார்த்தார். மறுநாள் பையன் கதவைப் பார்க்கவில்லை. "செருப்பு அம்பாசமுத்திரத்துக்கு வந்துட்டா?" என்று கேட்டான்.

அன்றைக்கு மருந்து அறையில் சிஸ்டர் என்னிடம் சொன்னது இது: "ஏட்டி லூர்து, கதையில என்ன பொய் வேணும்னாலும் சொல்லு. கட்டப் பத்திப் பொய் சொல்லாத." நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

இசக்கிக்கு எட்டு வயது. பேட்டைக்காரப் பிள்ளை. அப்பா சுடலைமுத்து லேத்துப் பட்டறையில் வேலை. மெஷின் துடைக்கிற தின்னரை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். திருக்கார்த்திகை அன்று, எண்ணெய் குறைந்துவிட்டது என்று பிள்ளை அந்தப் பாட்டிலை எடுத்து, எரிகிற அகலில் ஊற்றிவிட்டாள். வலது கன்னம், வலது காது, வலது உள்ளங்கை, விரல்கள்.

சுடலைமுத்து வார்டு வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார். பிள்ளையின் அம்மா பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்தாள்.

இசக்கி நல்ல வாயாடி. அவளுக்குச் செருப்புக் கதை பிடிக்கவில்லை. "ஒத்தச் செருப்பு கடலுக்குப் போயி என்ன செய்யப்போவுது? வேற கதை சொல்லுங்க" என்றாள். அன்று சண்முகவடிவு சிஸ்டர் விடுப்பு. நான்தான் கட்டு மாற்றினேன். எனக்குள் இருந்த கதாசிரியை எழுந்துவிட்டாள்.

ஒரு பிள்ளைக்குத் தீப்பட்டுவிட்டதாம். அவள் பாபநாசம் போய்த் தலை முழுகினாளாம். "பாவமே போற எடத்துல தழும்பு போகாதா? முழுகி எந்திரிச்சுப் பார்த்தா, முகம் பழையபடி பளபளன்னு ஆயிட்டு" என்றேன்.

"எனக்கும் அப்படி ஆயிருமா?"

"ஆயிரும்."

"கட்டெல்லாம் முடிஞ்ச ஒடனேயா?"

"ஒடனேதான்."

அன்றைக்கு அவள் ஒரு முறைகூட "நில்லு" சொல்லவில்லை. நான் பெருமையோடு வீட்டுக்குப் போனேன். கதையில் கோபம் இல்லை, பயம் இல்லை, முடிவு இனிமை. அன்று பயிற்சி நடந்திருந்தால் எனக்கு முதல் பரிசு.

மூன்று வாரம் இந்தக் கதையே ஓடியது. சிஸ்டர் திரும்பி வந்த பிறகும் இசக்கி என்னைத்தான் கேட்டாள். சிஸ்டர் ஒரு நாள் கதவருகே நின்று முழுக்கதையையும் கேட்டார். வழக்கம்போல என் பக்கத்தில் வந்து நின்றார். எனக்குத் தப்பு தெரிந்தது. தெரிந்தும் விட்டுவிட்டேன். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள், எதற்குக் கெடுப்பது?

எங்கள் வார்டில் இன்னொரு பழக்கம் உண்டு. கைகழுவும் தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியைச் செய்தித்தாள் ஒட்டி மறைத்துவைத்திருந்தோம். குழந்தைகள் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது. யார் முதலில் ஒட்டியது என்று தெரியாது. பழசு கிழிந்தால் யாராவது புதுத் தாள் ஒட்டுவோம். இசக்கியின் கன்னத்தில் கட்டு எடுத்து மருந்து மட்டும் பூசிய பிறகும் அவள் தன் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையால் தொட்டுப் பார்த்து, "சொரசொரன்னு இருக்கு" என்பாள். "மருந்து காஞ்சிருக்கு" என்பேன். எல்லா வழியையும் அடைத்துவிட்டோம் என்று நினைத்தோம்.

அன்று காலை தட்டை நான்தான் தேய்த்தேன். நன்றாகத் தேய்த்தேன். கட்டிலின் மேல் வைத்துவிட்டு உப்புத் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். திரும்பி வந்தபோது இசக்கி தட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தட்டை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள், மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு பைய அதைக் கட்டிலில் வைத்தாள்.

"பொய்க்காரி" என்றாள்.

அதன் பிறகு பேசவில்லை. சாப்பாடு இரண்டு வாய், அவ்வளவுதான். வலது கையை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளங்கைத் தீக்காயம் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: புதுத் தோல் வரும்போது சுருங்கும். தினமும் விரலை விரித்து நீட்ட வேண்டும், அட்டை வைத்துக் கட்ட வேண்டும். விரிக்காவிட்டால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். எங்கள் டாக்டர் கட்டிலருகே வந்து பார்த்துவிட்டு வெளியே போய்ச் சொன்னார். "இன்னும் ஒரு வாரம் இப்படியே மடக்கி வச்சிருந்தா அவ்வளவுதான் சிஸ்டர். அப்புறம் ஆபரேஷன் செய்யணும். செஞ்சாலும் பாதிதான் விரியும்."

கட்டாயப்படுத்தி விரிக்கப் பார்த்தோம். கடித்தாள். என் மணிக்கட்டில் பல் பதிந்தது. தப்புச் சொல்ல மாட்டேன்.

வாசலில் சுடலைமுத்து எழுந்து வந்து கேட்டார். "சிஸ்டர், பென்சில் பிடிப்பாளா?"

"தெரியாது" என்றேன். அந்த வார்டில் எத்தனையோ மாதங்களில் நான் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

மருந்து அறைக்குப் போனேன். சிஸ்டர் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகம் தெரியுத மாதிரி தேய்க்கச் சொன்னது நான். கண்ணாடிக்குத் தாள் ஒட்டுனதும் நாமதான். நம்மள மாதிரி புத்திசாலி யாருட்டி இருக்கா?" என்றார். பிறகு போய்க் கண்ணாடியிலிருந்த செய்தித்தாளை நகத்தால் சுரண்டிக் கிழித்தார். ஒட்டியிருந்த மிச்சத்தைத் தண்ணீர் தொட்டு நான் துடைத்தேன். "கதையக் கெடுத்தவ நீ. நீயே போ" என்றார்.

போய் இசக்கியின் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் சொன்னது பொய்தான்" என்றேன்.

முதுகு அசையவில்லை.

"பாபநாசத்துல முழுகுனா அழுக்குத்தான் போவும். தழும்பு போவாது. கொஞ்சம் மங்கும். முழுசாப் போவாது."

முதுகு பேசியது. "அந்தப் புள்ள என்ன ஆனா?"

"எந்தப் புள்ள?"

"முழுகுனாளே, அவ."

"முழுகி எந்திரிச்சா. முகம் அப்படியேதான் இருந்துச்சு."

"அழுதாளா?"

"அழுதா."

"பொறகு?"

"வீட்டுக்குப் போனா. பள்ளிக்கூடத்துக்குப் போனா."

"புள்ளைங்க சிரிச்சுச்சா?"

சிரிக்கவில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கம் அப்படி. விழுங்கினேன். "சிரிச்சுச்சு. நாலஞ்சு பேரு."

இசக்கி திரும்பினாள். "அவ என்ன செஞ்சா?"

"எனக்குத் தெரியல. இதுக்கு மேல எனக்குக் கதை இல்ல. நீ சொல்லு."

யோசித்தாள். "கல்லெடுத்து எறிஞ்சா."

அந்த இடத்தில் பயிற்சி அம்மாள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். மன்னிப்பின் பெருமையை விளக்கியிருப்பார், முதலையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லியிருப்பார். நான் படகுக்காரன் மகள். எனக்குத் தோன்றியது வேறு.

"எந்தக் கையால?"

"சோத்துக்கையாலதான்."

"அந்தக் கைதான் மடங்கிக் கெடக்கே. கல்ல எப்படிப் பிடிப்பா? பிடிச்சாலும், விரல் விரிஞ்சாத்தானே கல்லு போவும்? காலடியிலதான் விழும். இன்னும் நல்லாச் சிரிப்பாங்க."

என்னை முறைத்தாள். அக்குளுக்குள் இருந்த கையைப் பார்த்தாள். கதையில் ஓட்டை இருப்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கதை அவளுடையது. அதை அவளால் விட முடியவில்லை.

கையை வெளியே எடுத்து என் மடியில் வைத்தாள்.

"சேரன்மாதேவி எப்பம் வரும்?" என்று கேட்டாள்.

"இப்பமே. ரொம்ப வலிக்கும்."

"வலிக்கட்டும்."

அன்று மூன்று "நில்லு"களையும் செலவழித்தாள். நான்காவதும் கேட்டாள், கொடுத்தேன்.

மறுநாள் சண்முகவடிவு சிஸ்டர் ஒரு புது பேண்டேஜ் சுருளைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார். ஒரு துண்டுத் துணி தரையில் விழுந்தாலே பக்கத்தில் வந்து நிற்கிற மனுஷி. "இதுதான் கல்லு" என்றார். தினமும் கட்டு மாற்றும் முன்பும் பின்பும் இசக்கி அந்தச் சுருளைப் பிடிக்க வேண்டும், எறிய வேண்டும். முதல் நாள் பிடிக்கவே முடியவில்லை. மூன்றாம் நாள் காலடியில் விழுந்தது. "பார்த்தியா, சிரிக்காவ" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். குறி யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்று வாங்கிக்கொண்டேன். முதல் முறை சுருள் என் மூக்குக் கண்ணாடியில் பட்ட அன்று இசக்கி சிரித்தாள். தோல் இழுத்ததால் ஒரு பக்கம் மட்டும்தான் சிரிப்பு வந்தது. எழுந்து போய்த் தொட்டிக் கண்ணாடியில் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். சுருளை எடுத்தாள்.

இப்போது அந்தக் கண்ணாடி எப்படி இருக்கிறது என்று ஜெனிபாவிடம் கேட்டேன். "அழகா இருக்கு சிஸ்டர். சிரிக்கிற சூரியன் ஸ்டிக்கர் ஒட்டி முழுசா மூடியாச்சு" என்றாள். செய்தித்தாளிலிருந்து சூரியனுக்கு முன்னேறியிருக்கிறோம். வாழ்த்துகள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவள் நகத்தால் சுரண்டினால் சரி.

இசக்கியை வீட்டுக்கு அனுப்பிய நாளோடு முடிக்கிறேன். சுடலைமுத்து அன்று முதல் முறையாக உள்ளே வந்து மகளின் இடது கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். அவர் சட்டைப் பையில் டிஸ்சார்ஜ் சீட்டு. நானும் சிஸ்டரும் வராந்தாவில் நின்றோம். வாசலில் யாரையோ பார்க்க வந்த ஒரு அம்மாள் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தாள். இசக்கியைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, பொம்பளப் புள்ளையால்லா இருக்கு! ஏ அண்ணாச்சி, இந்த மொகத்த வச்சுக்கிட்டு இத எவன் கெட்டுவான்?"

சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். இசக்கி அப்பாவின் கையை விட்டாள். கீழே குனிந்தாள். ஜல்லிக் கல் ஒன்றை வலது கையால் பொறுக்கினாள். எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன்.

எறிந்தாள். விரல் ஐந்தும் விரிந்தன. கல் தூக்குவாளியில் ணங்கென்று பட்டுத் தெறித்தது. அந்த அம்மாள் போட்ட கூச்சலில் காவலாளி ஓடிவந்தார். சுடலைமுத்து பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

சண்முகவடிவு சிஸ்டர் படியிறங்கிப் போனார். நேராக அந்த அம்மாளின் பக்கத்தில் போய் நின்றார். கூச்சல் தானாக நின்றது. பிறகு சுடலைமுத்துவின் பையிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்தார். பேனாவைத் திறந்து, டாக்டர் எழுதியதற்குக் கீழே ஒரு வரி சேர்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். "வலது கை: காலையும் மாலையும் எறிந்து பழகவும். குறி இன்னும் சரியாகவில்லை."